நீளக்கை மெஷினில் சில சனிக்கிழமைகள்

என் மனைவி கட்டிலை விட்டு எழும்பக் கூடாது என்று டாக்டர் சொன்ன குளிர்காலத்தில்தான் நான் தையல் பழகினேன்.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி அது. கெபெக்கின் பெரிய நகரத்தில், வில்லரே என்ற பகுதியில் ஒரு மூன்றாம் மாடி வீட்டில் இருந்தோம். எனக்கு நகர மத்தியில் ஓர் உணவகத்தின் குசினியில் வேலை. மதியத்துக்குப் பிறகு போய் மரக்கறி வெட்டி, கோழி கழுவி, சோஸ் காய்ச்சி, கடைசிச் சட்டி கழுவும் வரை நின்றுவிட்டு வருவேன். அவள் வடக்கே ஓர் உடுப்பு ஃபக்டரியில் சட்டைக்குக் கொலர் தைத்துக்கொண்டிருந்தாள். அவளுடைய வரிசையில் அவளைப்போல வேகமாகத் தைக்க ஆளில்லை என்று கூட வேலை செய்த பெண்கள் சொல்வார்கள். அவள் தன் வாயால் அப்படிச் சொன்னதில்லை. ஆனால் யார் வீட்டுக்கு வந்தாலும் முகத்தைப் பார்க்க முதல் கொலரைத்தான் பார்ப்பாள்.

அவள் இரண்டாவது முறையாகக் கர்ப்பமாகியிருந்தாள். முதல் பிள்ளை ஐந்தாம் மாதத்தில் இல்லாமல் போயிருந்தது. அதைப் பற்றி நாங்கள் கதைப்பதில்லை. கதைக்கக் கூடாது என்று யாரும் முடிவெடுக்கவில்லை. ஆளுக்காள் மற்றவரைக் காப்பாற்றுவதாக நினைத்து வாயை மூடிக்கொண்டோம். அது அப்படியே பழகிவிட்டது. இந்த முறையும் கொஞ்சம் இரத்தம் கண்டது. கோட்-டெ-நெய்ஜில் இருக்கும் ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். இனிப் பிள்ளை பிறக்கும்வரை படுக்கைதான், குளிக்கவும் கக்கூசுக்கும் மட்டும் எழும்பலாம் என்று அனுப்பிவிட்டார்கள்.

கொஞ்ச நாள் சொன்னபடி படுத்திருந்தாள். பிறகு சுவரைப் பார்த்துக் கதைக்கத் தொடங்கினாள்.

"நான் என்ன மரக்கட்டையே? கையும் காலும் நல்லாத்தானே கிடக்கு."

"கை நல்லாத்தான் கிடக்கு. எழும்பாமல் கையாலை என்னத்தையாவது செய்யும்" என்றேன். சும்மா வாயில் வந்ததைத்தான் சொன்னேன்.

ஆஸ்பத்திரியில் காத்திருந்த நேரம் நர்ஸிடம் கேட்டு எடுத்துவந்த ஒரு பிரெஞ்சுச் சஞ்சிகை அவளிடம் இருந்தது. அதில் குவில்ட் தைப்பது எப்படி என்று படம் போட்டிருந்தார்கள். சின்னச் சின்னத் துணித்துண்டுகளைப் பொருத்தித் தைத்து மேல்துணி செய்து, அதற்குக் கீழே பஞ்சு விரிப்பு, அதற்கும் கீழே அடித்துணி என்று மூன்றையும் ஒன்றாகத் தைத்தால் கனத்த போர்வை வரும். பிரெஞ்சு அவளுக்குப் பாதிதான் விளங்கும். படத்தைப் பார்த்தால் போதும், முழுதும் விளங்கிவிடும். ஃபக்டரிப் பெண்களுக்குச் சொல்லி அனுப்பினாள். அவர்கள் சட்டைத் துணி வெட்டிய மிச்சங்களை ஒரு பெரிய குப்பைப் பையில் கட்டி, எங்கள் கீழ்வீட்டில் இருந்த அக்காவிடம் கொடுத்துவிட்டார்கள். நீலம், சாம்பல், வெள்ளையில் மெல்லிய கோடு, ஒன்றிரண்டு மண்ணிறம். எல்லாம் ஆம்பிளைகளின் சட்டைத் துணி.

இடதுபக்கம் சரிந்து படுத்தபடி கையாலேயே தைத்தாள். நான் வேலைக்குப் போகும்போது தலையணைக்குப் பக்கத்தில் இருந்த துண்டுகள், நான் வரும்போது ஒரு சதுரமாகியிருக்கும்.

எங்கள் ஆட்களிடம் ஒரு வழக்கம் இருக்கிறதல்லவா, பிள்ளை பிறக்க முதல் அதற்கென்று எதையும் வாங்கக் கூடாது, தைக்கக் கூடாது என்று. கீழ்வீட்டு அக்கா அந்தச் சதுரங்களைப் பார்த்துவிட்டு, "பிள்ளைக்கே?" என்று பயந்துபோய்க் கேட்டார்.

"இல்லை அக்கா. இது எங்கடை கட்டிலுக்கு. எவ்வளவு பெரிசெண்டு பாருங்கோ" என்றாள் மனைவி. உண்மையாகவே இரட்டைக் கட்டில் அளவுக்கு அதைப் பெரிதாக்கிக்கொண்டே போனாள். யாரும் சந்தேகப்பட இடம் வைக்கக் கூடாது என்று நினைத்தாளோ என்னவோ.

மேல்துணி முடிந்தது. இனி மூன்று அடுக்கையும் சேர்த்துத் தைக்க வேண்டும். வீட்டில் இருந்த சின்ன மெஷினில் அவ்வளவு கனத்தைச் சுருட்டித் தள்ள முடியாது. முடிந்தாலும் அவள் இருந்து தைக்க முடியாது. துணியை மடித்துக் காலடியில் வைத்துவிட்டு மறுபடியும் சுவரைப் பார்க்கத் தொடங்கினாள். எனக்கு அந்தச் சுவரைக் கண்டாலே பயம்.

ஒரு சனிக்கிழமை காலை அஹுன்ட்சிக் பக்கம் பஸ்ஸில் போகும்போது ஒரு தையல் கடையின் கண்ணாடியில் எழுதியிருந்ததைப் பார்த்தேன். குவில்ட் தைக்கும் பெரிய மெஷின், மணித்தியால வாடகைக்கு. அடுத்த தரிப்பில் இறங்கித் திரும்பி நடந்தேன்.

கடைக்குள் மூக்குக்கண்ணாடியைக் கயிற்றில் கட்டிக் கழுத்தில் தொங்கவிட்ட ஒரு கெபெக் பெண்மணி இருந்தார். என் வயதைவிடக் கொஞ்சம் கூட இருக்கும். போன்ஜூர் சொல்லிவிட்டு, அரைகுறைப் பிரெஞ்சில் விஷயத்தைச் சொன்னேன்.

"மெஷின் உங்கள் மனைவிக்கா?" என்று கேட்டார்.

"இல்லை, எனக்கு. மனைவி..." படுக்கையில் இருக்க வேண்டும் என்பதற்குப் பிரெஞ்சு வரவில்லை. இரண்டு கையையும் சேர்த்துக் கன்னத்தில் வைத்துத் தலையைச் சரித்துக் காட்டினேன்.

அவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். சனிக்கிழமை காலையில், பெண்சாதி நித்திரை கொள்ளப் புருஷன் தையல் தைக்க வந்திருக்கிறான் என்று அவர் எடுத்துக்கொண்டது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

மெஷின் பின்னறையில் இருந்தது. எங்கள் வீட்டு முன்னறையைவிட நீளமான ஒரு மேசைச் சட்டம். அதன் இரண்டு பக்கமும் உருளைகள். துணியை அவற்றில் சுற்றி, நடுவில் இழுத்துப் பிடித்துவைக்கிறார்கள். மேலே தையல் மெஷினின் தலை, ஆனால் கழுத்து ஒரு முழக் கைக்கு மேல் நீண்டு, சில்லுகளில் தண்டவாளம் மீது நிற்கிறது. இரண்டு கைபிடி. சாதாரண மெஷினில் ஊசி ஓரிடத்தில் நிற்கும், துணியை நாங்கள் நகர்த்துவோம். இதில் துணி அசையாது. மெஷினைப் பிடித்துக்கொண்டு நாங்கள்தான் துணிக்கு மேலே போய்வர வேண்டும்.

"முதலில் பழகுதுணி. அது எல்லோருக்கும் சட்டம்" என்றார். பழைய வெள்ளைத் துணியைக் கட்டி, பொத்தானை அமர்த்தினார். அறையே அதிர்ந்தது. கைபிடியைத் தொட்டதும் மெஷின் வழுக்கிக்கொண்டு ஓடியது. நான் இழுக்க அது மறுபக்கம் பாய்ந்தது.

"தூஸ்மோன், மிசியூ, தூஸ்மோன்" என்றார். மெல்ல, மெல்ல. அன்றைக்கு முழுதும் அவர் சொன்னது அந்த ஒரு சொல்தான்.

நேர்கோடு ஒன்றும் நேராக வரவில்லை. கடைசியில் அவர், "கோடு வேண்டாம். உங்கள் பெயரை எழுதுங்கள். பேனா என்று நினையுங்கள்" என்றார். நான் தமிழில் எழுதினேன். கோடு கீறத் தெரியாத கை, எழுத்துக்கு வளைந்துகொடுத்தது. அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்து பார்த்தார். 'ண' இருந்த இடத்தில் விரலை வைத்து, "இது என்ன? இதையே திரும்பத் திரும்பப் போடுங்கள். ஊசி தூக்காமல் போடலாம்" என்றார்.

அப்படித்தான் ஒரு வரி நிறைய ண போட்டேன். அந்தப் பழகுதுணியை வெட்டி வீட்டுக்குக் கொண்டுவந்து மனைவியிடம் கொடுத்தேன். அவள் மேற்பக்கத்தைப் பார்க்கவே இல்லை. நேரே திருப்பி அடிப்பக்கத்தைப் பார்த்தாள். வளைவுகளில் எல்லாம் நூல் கண்ணிமை மயிர் மாதிரித் தூக்கிக்கொண்டு நின்றது. விரலால் தடவினாள்.

"வளைவிலை கையைச் சுண்டி இழுக்கிறியள். மெஷின் ஒரே வேகத்திலைதானே ஓடுது? கை ஓடினால் தையல் நீளும், கை நிண்டால் ஒரே இடத்திலை குத்தும். வெங்காயம் வெட்டேக்கை எப்பிடி வெட்டுவியள்? ஒரே தாளத்திலைதானே?"

"ஓம்."

"அதுதான்."

பிறகு மேற்பக்கத்தைத் திருப்பினாள். நீண்ட நேரம் பார்த்துவிட்டுச் சிரித்தாள். "உதென்னப்பா, ஒரே ணவாக் கிடக்கு? பள்ளிக்கூடத்திலை பிழை விட்டதுக்கு வாத்தியார் எழுதச் சொன்ன மாதிரி."

அந்தச் சிரிப்புக்காகவே அடுத்த சனிக்கிழமையும் போனேன்.

அன்றைக்கு எங்கள் சொந்தத் துணி. அடித்துணியை உருளைகளில் ஒட்டியிருந்த சீலையில் வரிசையாகக் குண்டூசி குத்திக் கட்டவே பாதி நேரம் போய்விட்டது. பஞ்சை விரித்து, அவள் படுத்துக்கொண்டு தைத்த மேல்துணியை அதன்மேல் போட்டபோது கடைக்காரப் பெண்மணி, "இது கையால் தைத்ததா?" என்றார். நான் ஓமென்று தலையாட்டி, மீண்டும் கன்னத்தில் கைவைத்துக் காட்டினேன். "நித்திரையிலா?" என்றார், உண்மையாகவே குழம்பிப்போய். அப்போதுதான் எனக்கு விளங்கியது. வயிற்றில் கையால் ஒரு வளைவு கீறிக் காட்டினேன். பிறகு டாக்டர் என்றேன். அவர் வாயில் கைவைத்தார். கண் கலங்கிச் சிரித்தார். "நான் அந்தப் பெண்ணைச் சோம்பேறி என்று நினைத்துவிட்டேனே" என்றார்.

முதல் இரண்டு பட்டை ண ஒழுங்காக வந்தது. மெஷினின் கழுத்து எட்டும் அகலத்துக்குத்தான் ஒரு தடவையில் தைக்கலாம். அது முடிந்ததும் உருளையைச் சுற்றித் துணியை முன்னால் எடுக்க வேண்டும். மூன்றாம் பட்டையின் நடுவில் அவர் வந்து கையைக் கீழே விட்டுத் தடவிப் பார்த்தார். முகம் மாறியது. அடித்துணி எங்கேயோ தளர்ந்து, ஒரு மடிப்பு விழுந்து, அந்த மடிப்போடு சேர்த்தே நான் தைத்துக்கொண்டு வந்திருந்தேன்.

மிச்ச நேரம் முழுதும் மெஷினுக்குக் கீழே நிலத்தில் மல்லாந்து படுத்து, ஊசிமுனையால் ஒவ்வொரு தையலாகப் பிரித்தேன். வாடகைக்கு எடுத்த நேரத்தில் ஒரு தையல்கூட முன்னேறவில்லை. அவர் ஒரு கோப்பி கொண்டுவந்து என் தலைமாட்டில் நிலத்தில் வைத்துவிட்டுப் போனார். துணியின் அடிப்பக்கத்தைப் பார்த்துக்கொண்டு அப்படிப் படுத்திருந்தபோது, என் மனைவி இத்தனை மாதமாய் இப்படித்தானே சுவரைப் பார்த்துக்கொண்டு கிடக்கிறாள் என்று நினைத்தேன். நான் குசினிக்கும் பஸ்ஸுக்கும் ஓடிக்கொண்டிருந்ததில் அது என் மனதில் சரியாகப் பதியவில்லை. நிலம் குளிர்ந்தது. ஒரு மணித்தியாலமே எனக்குப் பொறுக்கவில்லை.

வீட்டுக்குப் போய்ச் சொன்னேன். அவள் அனுதாபம் ஒன்றும் காட்டவில்லை. மடிப்பு ஏன் விழுந்தது, எந்தப் பக்கம் குண்டூசி குத்தினேன், உருளையை யார் சுற்றியது என்று எல்லாம் விசாரித்தாள். நான் சொல்லச் சொல்ல அவள் கண்ணை மூடி அந்த மெஷினைத் தனக்குள் கட்டிப் பார்த்தாள். முன்பெல்லாம் வேலையால் வந்தால், சாப்பிட்டியளோ, ஓம், கால் வீங்கியிருக்கோ, இல்லை, அவ்வளவுதான். இப்போது நூல், ஊசி, இறுக்கம் என்று கதைத்துக்கொண்டே கிடந்தோம். கேள்வி கேட்பவள் அவள், பதில் சொல்பவன் நான். எங்களுக்குள் கதை திரும்பி வந்தது அப்படித்தான்.

அடுத்த சனிக்கிழமை கை பழகியிருந்தது. மெஷின் என்னை இழுக்கவில்லை. போர்வையின் அரைவாசிக்குக் கிட்ட வந்துவிட்டேன். அந்த நேரம் முன் கடையில் தொலைபேசி அடித்தது. மெஷின் இரைச்சலில் எனக்குக் கேட்கவில்லை. பெண்மணி ஓடிவந்து பொத்தானை அணைத்தார். "தமிழோ என்னவோ, ஒரு பெண் அழுகிறாள். பேபி, பேபி என்கிறாள்."

கீழ்வீட்டு அக்காதான். கடை நம்பரை அவரிடம் கொடுத்துவைத்திருந்தேன். "தம்பி, தண்ணிக்குடம் உடைஞ்சிட்டுது. அம்புலன்ஸ் வந்து கொண்டுபோட்டுது. கெதியா ஆஸ்பத்திரிக்குப் போ."

ஏழாம் மாதம் இன்னும் முடியவில்லை.

நான் மேல்கோட்டைக் கையில் எடுத்துக்கொண்டு தெருவுக்கு ஓடினேன். பஸ் எந்தப் பக்கம் வரும் என்றுகூட மறந்துபோனது. பின்னால் கடைக்காரப் பெண்மணி கதவைப் பூட்டிக்கொண்டு வந்தார், கழுத்தில் கண்ணாடி ஆட, "ஏறுங்கள், ஏறுங்கள்" என்று தன் காரைக் காட்டினார். பனி கொட்டிக்கொண்டிருந்தது. மெல்ல, மெல்ல என்று எனக்குப் படிப்பித்த அந்தப் பெண் ஓட்டிய வேகத்தை என்னால் மறக்க முடியாது. வழி முழுக்க அவர் பிரெஞ்சில் எதையோ முணுமுணுத்தார். செபம் என்று நினைக்கிறேன்.

பெண்பிள்ளை. கண்ணாடிப் பெட்டிக்குள் வயர்களுக்கு நடுவே படுத்திருந்தது. நான் தினமும் குசினியில் கழுவும் கோழியைவிடச் சிறிது. அப்படி ஒரு நினைப்பு வந்ததற்காக என்னை நானே அருவருத்தேன், ஆனால் அதுதான் முதலில் வந்தது. தோல் மெல்லிய சிவப்புக் கடதாசி போல இருந்தது. டாக்டர்கள் நம்பிக்கையாகவும் கதைக்கவில்லை, கைவிட்டும் கதைக்கவில்லை. பார்ப்போம் என்றார்கள். ஒவ்வொரு நாளும் பார்ப்போம் என்றே சொன்னார்கள்.

மனைவி வெறுங்கையோடு வீட்டுக்கு வந்தாள். வெளிப்படியில் உறைந்திருந்த பனியை உப்புப் போட்டுக் கரைத்து, ஒவ்வொரு படியாக அவளை ஏற்றினேன். இனி எழும்பி நடக்கலாம். ஆனால் வந்ததும் பழக்கத்தில் அதே கட்டிலில், அதே இடதுபக்கம் சரிந்து படுத்தாள். நடக்கலாம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

ஒவ்வொரு நாளும் காலையில் மெத்ரோ ரயில் எடுத்து ஆஸ்பத்திரிக்குப் போனோம். பெட்டியின் பக்கத்துத் துவாரத்தால் கையை விட்டுத் தொடலாம். ஒருநாள் நர்ஸ், அந்தப் பெட்டிகளுக்கு மேல் வெளிச்சம் படாமல் கனத்த துணி போட்டு மூடுவதைக் காட்டினார். வயிற்றுக்குள் இருக்கும் இருட்டு இன்னும் கொஞ்ச நாளைக்கு வேண்டுமாம். மற்றப் பெட்டிகளில் யாரோ வீட்டில் தைத்துக் கொண்டுவந்த துணிகள் கிடந்தன. எங்கள் பெட்டியில் ஆஸ்பத்திரியின் வெள்ளைக் கம்பளி.

"நான் தைச்சுக் கொண்டுவாறன்" என்றாள் மனைவி. தமிழில்தான் சொன்னாள். நர்ஸுக்கு எப்படியோ விளங்கியது.

மெத்ரோவில் திரும்பி வரும்போது நான் தயங்கித் தயங்கிக் கேட்டேன். "பிள்ளை வீட்டை வரமுதல் அதுக்கெண்டு தைக்கலாமோ? அக்கா என்ன சொல்லுவா?"

அவள் மடியில் விரலால் எதையோ அளந்துகொண்டிருந்தாள். இறங்கும் இடம் வந்தபோது, "என்னை அந்த மெஷினட்டைக் கூட்டிக்கொண்டு போங்கோ" என்றாள்.

கடைக்காரப் பெண்மணி மனைவியைக் கண்டதும் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு நின்றார். நான் ஊசியைத் துணிக்குள் விட்டபடியே ஓடிப்போயிருந்த எங்கள் போர்வையை, அவர் ஓரங்களைப் பெரிய தையலால் பிடித்து, உருளையிலிருந்து கழற்றி, ஒரு மட்டைக் குழாயில் சுற்றி, தன் சொந்த அலுமாரிக்குள் வைத்திருந்தார். "முடித்திருக்கலாம். ஒரு மணித்தியால வேலை. ஆனால் அது என் வேலையில்லை என்று தோன்றியது" என்றார்.

பிறகு சட்டத்தைச் சொன்னார். முதலில் பழகுதுணி. ஃபக்டரியில் வேலை செய்பவள் என்று நான் சொல்லிப் பார்த்தேன். சிரித்துவிட்டு, அப்படியானவர்களுக்குத்தான் கட்டாயம் என்றார்.

"அப்ப பழகுதுணியே அதா இருக்கட்டும்" என்றாள் மனைவி. பையைத் திறந்து, கருநீலத் துணி இரண்டு எடுத்தாள். பிள்ளையின் கண்ணாடிப் பெட்டியின் அளவுக்கு வெட்டியே கொண்டுவந்திருந்தாள். "சும்மா பழகுறதுக்கு ஏன் துணியை வீணாக்குவான்?"

அவள் மெஷினுக்கு முன்னால் நின்றதும் அவளுடைய வலது கால் நிலத்தில் பெடலைத் தேடியது. இரண்டு கையும் கைபிடியை விட்டுத் துணியைத் தள்ளப் போயின. பொத்தானை அமர்த்தியதும் மெஷின் என்னை இழுத்துக்கொண்டு ஓடியதைப் போலவே அவளையும் இழுத்துக்கொண்டு ஓடியது. கோடு பாம்பு போனதுபோல் போனது. அவள் நிறுத்தினாள். காது சிவந்திருந்தது. கொலரை மூன்று இழுவையில் முடிப்பவள்.

"எனக்கு ஏலாது. நீங்களே தையுங்கோ."

"தூஸ்மோன்" என்றேன்.

திரும்பிப் பார்த்தாள். நான் பக்கத்தில் போய் நின்றேன். "ஊசியைப் பாக்காதையும். போகப்போற இடத்தைப் பாரும். கை தானாய் வரும்." சில சனிக்கிழமை முன்னால் தொடங்கியவன் என்பதைத் தவிர, அவளுக்குத் தையலில் சொல்ல எனக்கு வேறு தகுதி இல்லை. ஆனால் கேட்டாள்.

மறுபடி தொடங்கினாள். அலையலையாக ஒரு கோடு, அதற்குக் கீழே இன்னொன்று. அளவில்லாத அலைகள், ஒன்று பெரிது, ஒன்று சின்னது. நான் அவளுக்குப் பின்னால் நின்றேன். முன் கடைக்கு யாரோ வர, பெண்மணி போய்விட்டார். மெஷினின் இரைச்சலுக்கு மேலால் மனைவி கதைப்பது கேட்டது. முதலில் தனக்குத்தானே கதைக்கிறாள் என்று நினைத்தேன்.

"முதல் பிள்ளைக்கு நாங்கள் ஒண்டும் வாங்கேல்லை. ஒரு துணி, ஒரு காலுறை, ஒண்டும் வாங்கேல்லை. எல்லாரும் சொன்ன மாதிரித்தானே இருந்தம்? வாங்காமல் இருந்தும் போச்சுது."

கையை நிறுத்தாமல் சொன்னாள். கண் துணியிலேயே இருந்தது.

"நேர்ஸ் என்னட்டைக் கேட்டவ, சுத்திக் குடுக்க ஏதும் துணி இருக்கோ எண்டு. நீங்கள் வெளியிலை நிண்டனீங்கள். என்னட்டை ஒண்டும் இருக்கேல்லை. ஆஸ்பத்திரித் துவாயிலைதான் சுத்திக் கொண்டுபோனவை."

எனக்கு அது தெரியாது. ஒரு சொல்லும் தெரியாது. இரண்டு வருடமாக அவள் அதை வைத்துக்கொண்டு கொலர் தைத்திருக்கிறாள், எனக்குச் சோறு போட்டிருக்கிறாள். அன்றைக்கு ஆஸ்பத்திரியில் நடையில் நின்று நான் என்ன நினைத்தேன் என்பதை நானும் அப்போதுதான் அவளுக்குச் சொன்னேன். எங்கள் முகம் ஒன்றையொன்று பார்க்கவில்லை. அவளுடைய முதுகுக்குச் சொன்னேன், அவள் துணிக்குச் சொன்னாள். வரி முடிந்து உருளையைச் சுற்ற வேண்டிய இடம் வந்தபோது மெஷினை அணைத்தாள். அறை திடீரென்று அமைதியானது. இருவரும் அழுதிருந்தோம். நான் ஒரு பக்கமும் அவள் மறுபக்கமுமாக நின்று உருளையைச் சுற்றினோம்.

"இவள் இருக்கிறாளோ இல்லையோ, இவளுக்கு ஒண்டு இருக்க வேணும்" என்றாள். பொத்தானை மறுபடி அமர்த்தினாள்.

மறுநாள் கருநீலத் துணி பெட்டிக்கு மேல் போனது. நர்ஸ் அதன் ஓரத்தைத் தூக்கிப் பார்த்து, அலை போல இருக்கிறது என்றார். தையல் ஓர் இடத்தில் நீண்டும் ஓர் இடத்தில் நெருங்கியும் கிடந்தது. ஃபக்டரியில் என்றால் அவளே அதைத் தூக்கி எறிந்திருப்பாள். அன்றைக்கு அதைப் பிரித்துத் தைக்க வேண்டும் என்று அவள் சொல்லவில்லை.

கீழ்வீட்டு அக்காவுக்கு அவளே போய்ச் சொன்னாள். அக்கா, "நல்ல கனமான துணியோ? குளிராதோ?" என்று மட்டும் கேட்டாராம்.

பிள்ளை சில நாள் ஏறியது, சில நாள் இறங்கியது. ஒருமுறை மூச்சு மறந்துபோய் எல்லா மணியும் அடிக்க, எங்களை வெளியே நிறுத்தினார்கள். இந்த முறை நடையில் நாங்கள் இருவரும் ஒன்றாகவே நின்றோம். தெருவில் பனி கரைந்து சேறாகி, அந்தச் சேறும் காய்ந்து, மரங்களில் இலை முளைத்த ஒரு நாளில் அவளை வீட்டுக்குக் கொண்டுபோகலாம் என்றார்கள். படிகளில் நான் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஏறினேன். பின்னால் மனைவி, என் குதிகாலைப் பார்த்துக்கொண்டு, "மெல்ல, மெல்ல" என்று சொல்லிக்கொண்டே வந்தாள்.

கட்டில் போர்வை கோடையில்தான் முடிந்தது, யாருக்கும் போர்வை தேவைப்படாத வெக்கையில். கடையின் பின்னறையில் காற்றாடி சுழல, கடைக்காரப் பெண்மணி பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு முன் கடையில் வியாபாரம் பார்த்தார். வாங்க வந்தவர்கள் எல்லோரும் பிள்ளையைப் பார்த்தார்கள். உள்ளே நாங்கள் இருவரும் முறைவைத்துத் தைத்தோம். மேற்பாதி என்னுடைய ண. அதற்குக் கீழே அவளுடைய அலை. இரண்டும் சந்திக்கும் இடத்தைப் பிரித்துச் சரிபண்ணலாமா என்று கேட்டேன். "விடுங்கோ, அது கிடக்கட்டும்" என்றாள்.

அதற்குப் பிறகு அவள் அந்த மெஷினை விடவில்லை. பிள்ளை ஒரு வயது தாண்டும்வரை ஃபக்டரிக்குத் திரும்பப் போகாமல், சனிக்கிழமைகளில் மட்டும் அஹுன்ட்சிக்குக்குப் பஸ் ஏறினாள். கடைக்கு வருபவர்களின் மேல்துணிகளைத் தைத்துக் கொடுக்கத் தொடங்கினாள். கொலர் தைத்த வேகம் அவளுக்குத் திரும்பி வந்தது. ஆனால் இப்போது வேகமாகத் தைப்பதில் அவளுக்கு அவ்வளவு விருப்பமில்லை. நான் வீட்டில் பிள்ளையோடு நின்றேன். பால் காய்ச்சவும், ஏப்பம் வரப் பண்ணவும், அவள் இல்லாத நேரத்தில் பிள்ளையை நித்திரையாக்கவும் பழகினேன். அதுவும் எனக்குப் புதுத்தொழில்தான்.

ஒரு பின்பனிக்காலத்தில், வேலையில்லாத ஒரு நாள், கடைக்குத் தொலைபேசி எடுத்து ஒரு மணித்தியாலம் கேட்டேன். பெண்மணி, மனைவிக்கா என்றார். இல்லை எனக்கு என்றேன். என்ன தைக்கப் போகிறீர்கள் என்றார். பழகுதுணி இருந்தால் போதும் என்றேன்.

மேல்கோட்டைப் போட்டுக்கொண்டு நின்றபோது மனைவி கேட்டாள். "எங்கை போறியள்?"

"மெஷினுக்கு."

"ஆரின்ரை துணி?"

"ஒருதரின்ரையும் இல்லை. சும்மா ஓட்டிப் பாக்கப் போறன்."

அவள் பிள்ளையை இடுப்பில் மாற்றி வைத்துக்கொண்டு, என் சட்டைக் கொலரை ஒரு கையால் இழுத்துச் சரிபண்ணினாள். "கீழ்நூலைப் பாத்துக்கொள்ளுங்கோ. அவவின்ரை மெஷினிலை சொல்லாமல் முடிஞ்சிடும்" என்றாள். பஸ்ஸில் சனம் குறைவு. ஜன்னல் பக்கம் இருந்து, கண்ணாடியில் படிந்த ஈரத்தில் விரலைத் தூக்காமல் ண போட்டுக்கொண்டு போனேன்.